பிடியரிசியும் பொன்னெழுத்தும்

1

நான் நர்ஸ். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மலம், மூத்திரம், சீழ், படுக்கைப் புண் எல்லாம் துடைத்துப் பழகிப்போன கை இது. துடைத்துவிட்டுக் கையைக் கழுவி, அப்படியே போய் டிபன் பாக்ஸைத் திறந்து சாம்பார் சாதம் சாப்பிடுவேன். எதைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஊரிலிருந்து தம்பி சாலமோன் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினான். அதைப் பார்த்ததும் குமட்டியது.

படத்தில் ஒரு கறுப்புக் கிரானைட் கல். முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டிருந்தார்கள். மேலே பொன்னெழுத்தில் ‘தேவனுடைய மகிமைக்கென்று’ என்று ஒரு வரி. கீழே எங்கள் ஊர்ப் புதுக் கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பெயர்கள். அதிகம் கொடுத்தவருக்குப் பெரிய எழுத்து, கொஞ்சம் கொடுத்தவருக்குப் பொடி எழுத்து. இரண்டாவது பெயர் என்னுடையது. ‘திருமதி ரூபி சாமுவேல், அயர்லாந்து.’ தேவனுடைய மகிமையைவிட என் பெயர் பெரிதாக இருந்தது. ச்சீ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“எப்டிக்கா இருக்குது? ஊரே உன் பேரத்தான் படிக்குது” என்று தம்பி கேட்டிருந்தான்.

“கஞ்சிக் கொட்டாய்க்குக் கூரை போட்டாச்சா?” என்று நான் எழுதினேன். அவன் பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

நான் பணம் அனுப்பியது கோயிலுக்கு இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த கஞ்சிக் கொட்டகைக்கு. ஒழுகுகிற கூரையை மாற்றச் சொல்லி, அதையும் கோயில் கமிட்டியிடம் வாயால் ஒருமுறை, எழுத்தால் ஒருமுறை தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினேன்.

2

கஞ்சிக் கொட்டகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் அவலூர்பேட்டை பஸ் ஏறி, வழியில் இறங்கி ஏரிக்கரையோடு நடந்தால் எங்கள் காலனி. ஒரு வீட்டுக்கும் நிலம் கிடையாது. மற்றவர் நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்துக் கொடுத்துவிட்டு, ரேஷன் அரிசி வாங்கித் தின்ற ஜனம் நாங்கள். எங்கள் கோயிலும் அதற்கேற்ற மாதிரிதான், ஓட்டு வீடு ஒன்றின் தலையில் சிலுவை வைத்த மாதிரி இருக்கும்.

அந்தக் கோயிலில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்க அரிசியை அளந்ததும், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். மீந்ததிலிருந்து அல்ல, நாம் தின்னப் போவதிலிருந்து. வீட்டில் அரிசியே இல்லாத நாளில் பிடியும் இல்லை, அதற்குக் கேள்வியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் முடிந்து கொண்டுபோய், காணிக்கைப் பாட்டு நடக்கும்போது பீடத்துக்குக் கீழே இருக்கும் பித்தளை அண்டாவில் கொட்டுவோம். ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, நொய் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். யார் அரிசி எது என்று கொட்டினவளுக்கே தெரியாது.

இப்படிக் கலந்த அரிசியைச் சோறாக வடிக்க முடியாது. ஒன்று குழைந்துபோகும், ஒன்று விதைவிதையாக நிற்கும். அதனால் கஞ்சிதான். ஆராதனை முடிந்ததும் பின்னால் கொட்டகையில் அதைக் காய்ச்சி, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவார்கள். எங்கள் நைனா செத்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டது அந்தக் கஞ்சியைத்தான். அப்போதிருந்து இன்றுவரை அதைக் காய்ச்சுகிறவள் என் அக்கா லேயா. புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை. வாரம் முழுக்க நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போவாள். ஞாயிறு வந்தால் மட்டும் ராணி மாதிரி அண்டா முன்னால் நிற்பாள்.

கஞ்சிக்கு வர ஞானஸ்நானம் தேவையில்லை. ஊர்ப்பக்கத்திலிருந்து மாடு மேய்க்கிற கன்னியப்பன், நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்காருவார்.

“உங்க சாமி கஞ்சில உப்பு பத்தல லேயா.”

“உங்க சாமியாண்ட போயி ஒரு கை வாங்கியாந்து போட்டுக்கோ.”

இதே பேச்சுத்தான் வாராவாரம். இரண்டு பேருக்கும் அலுத்ததே இல்லை.

3

இனி இங்கே எங்கள் ஆராதனையைக் கேளுங்கள். தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். மாதக் கடைசி ஞாயிறு சாட்சி சொல்லும் நேரம். சாட்சி என்றால், தேவன் நம் வாழ்க்கையில் செய்ததை எழுந்து நின்று சொல்வது. ஊரில் சாட்சி சொன்னவர்கள் குடியை விட்டதைச் சொன்னார்கள், அண்ணன் தம்பி பேசாமலிருந்து மறுபடி பேசியதைச் சொன்னார்கள், காய்ச்சல் தெளிந்ததைச் சொன்னார்கள். இங்கே வீடு சொல்கிறார்கள்.

“கர்த்தர் எங்களுக்கு இரண்டாவது வீட்டைக் கிருபையாகத் தந்தார். தோட்டம் தெற்குப் பார்த்தது.” அல்லேலூயா. அடுத்தவர் எழுந்தால் எலெக்ட்ரிக் கார். அதற்கும் அல்லேலூயா. அதற்கடுத்தவர் மகளுக்கு மெடிக்கல் சீட். தெற்குப் பார்த்த தோட்டத்துக்கும் சிலுவைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. வேலை போன ஒரு பையன் ஜெபிக்கச் சொல்லிக் கேட்டபோது, “மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு உங்களை நீங்களே ஆராய்ஞ்சு பாருங்க பிரதர்” என்று புத்தி சொன்னார் அந்த இரண்டு வீட்டுக்காரர். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டே போனான், அப்புறம் வரவேயில்லை. தூ! எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்று பேசாமல் விட்டதுதான் ஊரில் போய் வெடித்தது என்று நினைக்கிறேன்.

என் மகன் ஜோயல் கல்லூரி முதல் வருடத்தோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். “அம்மா, அது வீட்டு புரோக்கர் மீட்டிங். நடுவில பாட்டு பாடறீங்க” என்றான் ஆங்கிலத்தில். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது.

அவனுடைய தமிழும் ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே வாக்கியம். லேயா அக்கா போனில் வந்தால் எட்டிப் பார்த்து, ஐரிஷ்காரன் ராகத்தில், “பெரிம்மா, சாப்ட்டியா?” என்பான். “அது ஒண்ணு போதுண்டி. மத்ததெல்லாம் அதுக்கப்பறம் பேசற பேச்சுதானே” என்பாள் அக்கா.

4

ஒருமுறை அக்காவை இங்கே அழைத்துவர முயன்றேன். உறவினரைப் பார்க்க வரும் விசா. கேட்ட காகிதங்களைத் தேடி அவள் செஞ்சி தாலுக்கா ஆபீஸுக்கும் பேங்குக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். நிலம் உண்டா? இல்லை. வீட்டுப் பத்திரம்? இல்லை. சேமிப்பு? பேங்க் புத்தகத்தில் நூறு நாள் வேலைக் கூலி வரும், வந்த கையோடு போகும். கடைசியில் விசா இல்லை என்று பதில் வந்தது. அவள் ஊருக்குத் திரும்பிப் போவாள் என்று நம்புவதற்கு அங்கே அவளுக்குச் சொத்து எதுவும் இல்லையாம்.

இதைப் போனில் அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஞாயித்துக்கெளம கஞ்சிக்கு நான் திரும்பி வராம வேற யாருடி வருவா? அத எளுதிப் போடறதுதானே?”

அந்த ஃபாரத்தில் அதை எழுத ஒரு கட்டம் இல்லை அக்கா என்றேன். ஆபீஸ் என்றால் அப்படித்தான், சொத்தைத்தான் பார்க்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கோயிலும் அதையே பார்க்கும் என்று அப்போது தெரியாது.

5

கோயில் பிரதிஷ்டைக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். பிரதிஷ்டை அன்று காலை செஞ்சியைத் தாண்டிக் கார் திரும்பியதும், பாறைகளுக்கு நடுவே புதுக் கோயில் கண்ணைப் பறித்தது. ஏசி, வழவழவென்று டைல்ஸ், வாசலில் விளக்கு மாறி மாறி எரிகிற சிலுவை. பின்னால் கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்தியிருந்தார்கள். புதுப் போதகரின் வெள்ளைக் கார் சரியாக அடுப்பு இருந்த இடத்தில் நின்றது.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பித்தளை அண்டா, துணியால் மூடி இருந்தது.

“கொட்டாய் எங்கக்கா?”

“இடிச்சிட்டாங்க.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொன்னா நீ இன்னா பண்ணுவ? அங்க குந்திக்கினு கத்துவ. உனக்கு டென்சன், எனக்குக் காதுவலி.”

கட்டட வேலை தொடங்கியதிலிருந்து பிடியரிசியே வாங்கவில்லையாம். அக்கா விடவில்லை. போதகரைப் போய்ப் பார்த்து, பிரதிஷ்டை அன்றைக்கு முதல் காணிக்கையாகப் பிடியரிசியைப் படைக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். “பாக்கலாம்மா” என்றிருக்கிறார் அவர். அந்த ஒரு சொல்லை நம்பி வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி அண்டாவை நிரப்பி வைத்திருந்தாள்.

“இன்னிக்கி மட்டும் அரிசி உள்ள போயிடணும் ரூபி. ஒரு தபா போயிட்டா அப்பறம் நிறுத்த மாட்டாங்க. இன்னிக்கிப் போகலன்னா அவ்ளோதான், முடிஞ்சிடிச்சி.” சொல்லிவிட்டு அண்டாவின் துணியை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாள்.

கோயில் வாசலில் பேட்ஜ் குத்திய வாலிபர்கள் எங்களைப் பிரித்தார்கள். எனக்கு முதல் வரிசையில் ரிப்பன் கட்டிய நாற்காலி. அக்காவுக்கு, அண்டாவோடு, செருப்பு விடுகிற இடம். நான் திரும்பி வந்து கேட்டேன். கமிட்டிச் செயலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“டைல்ஸ் புதுசும்மா. அரிசி சிந்துனா வழுக்கும், எலி வரும். இப்ப யாரு கஞ்சிக்கு வராங்க? ரேஷன்ல சும்மா குடுக்குறான். காணிக்க குடுக்கணும்னா அதோ போர்டு இருக்குது, போன்ல ஸ்கேன் பண்ணிட்டாப் போச்சி.”

அக்காவிடம் இருப்பது பட்டன் போன். “ஐயா பாக்கலாம்னு சொன்னாருங்களே” என்றாள்.

“அதான் பாத்தாச்சே.”

ஆராதனை தொடங்கியது. நான் எழுந்து போய்விட்டால் அக்காவுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காணிக்கைப் பாட்டு வந்தது. பட்டுத் துணி போட்ட தட்டுகள் வந்தன, கவர்கள் விழுந்தன. பாட்டு முடிந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கா அண்டாவின் காதைப் பிடித்தபடி, கூப்பிடுவார்கள் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

போதகர் எனக்குச் சால்வை போட்டார். “இந்தக் காலனியிலிருந்து புறப்பட்ட மகளைத் தேவன் அயர்லாந்துக்குக் கொண்டுபோய் உயர்த்தினார். கொடுத்தாள், உயர்ந்தாள். நீங்களும் கொடுங்கள், உங்கள் பிள்ளைகளும் உயர்வார்கள்” என்றார். அல்லேலூயா. சாட்சி சொல்லுங்கள் என்று மைக்கை என் கையில் கொடுத்தார். தப்பு செய்தார்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம்” என்றேன். “அயர்லாந்துல நான் இன்னா வேல பாக்குறேன்னு ஐயா சொல்லல. கெளவன் கெளவிங்களுக்குக் குண்டி கழுவி வுடறேன். நல்ல வேல. எனக்கு வெக்கமில்ல. ஆனா, அதால கடவுள் என்னிய உயர்த்திட்டாரு, வெளிய நிக்கிற லேயாவ மறந்துட்டாருன்னு சொன்னா எனக்குக் குமட்டுது. நான் பணம் அனுப்புனது கஞ்சிக் கொட்டாய்க்கு. அத இடிச்சிட்டு என் பேர எளுதி வெச்சிருக்கீங்க. நைனா செத்தப்ப இந்தக் காலனில எத்தினி வூட்டு அரிசியத் தின்னு நான் உசுரோட இருந்தேன்? அந்த வூட்டுப் பேருங்கல்லாம் கல்லுல எங்க? அந்த அரிசி உள்ள வரக் கூடாதுன்னா, இது யாரு வூடு?”

மைக் செத்துவிட்டது. கரண்ட் போகவில்லை. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அக்கா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேனா, தெரியாது. அவள் முகம் கறுத்திருந்தது.

“இன்னாடி இப்டிப் பண்ணிட்ட? இன்னிக்கி இல்லன்னாலும் அடுத்த வாரம் கெஞ்சிக் கேட்டிருப்பேன். இனிமே வாங்குவாங்களா? நீ பிளேன் ஏறிப் போயிடுவ. நான் இங்கதானடி இருக்கணும்!”

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. செருப்புக் குவியலில் என் செருப்பைத் தேட ஆரம்பித்தேன். பின்னால் பிரதிஷ்டை பிரியாணி மணந்தது. கூப்பன் இருக்கிறவர்களுக்குத்தான் பிரியாணி. நன்கொடை கொடுத்த குடும்பத்துக்குத்தான் கூப்பன். கேட்டுக்கு வெளியே கன்னியப்பன் விபூதியோடு நின்றார். வாட்ச்மேன் அவரைப் பார்த்து, “கூப்பன் கீதா பெருசு?” என்றான்.

அக்கா அதைக் கேட்டாள். புடவைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினாள்.

“அந்தப் பக்கத்துக் காதப் புடி” என்றாள் என்னிடம்.

அண்டாவைத் தூக்கிக்கொண்டு தெருவோடு நடந்தோம். கனம் தோளைப் பிய்த்தது. கன்னியப்பன் மாட்டுக் கோலை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அக்கா வீட்டு வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்புப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினோம். அன்று வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நம் ஜனம் பிரியாணிக்குத்தான் போனது, அதையும் சொல்லிவிட வேண்டும். கன்னியப்பன் ஒரு வாய் குடித்துவிட்டு உப்பைப் பற்றி வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று முனகினார்.

மறுநாள் அவளோடு செஞ்சிக் கோட்டைப் பக்கம் போனேன், அவளுக்கு மனசு ஆறட்டும் என்று. ராஜா காலத்து நெற்களஞ்சியம் அப்படியே நிற்கிறது, யானை நுழையலாம். உள்ளே வௌவால் நாற்றம் மூக்கைப் பிடித்தது. அக்கா வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்து, “எம்மா பெருசு கட்டி வெச்சி இன்னா பிரயோசனம், ஒரு மணி நெல்லு இல்லியே” என்றாள். அப்புறம், நான் ஊர் வந்ததிலிருந்து முதல்முறையாக, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

6

திரும்பி வந்து ஒரு மாதம் இருக்கும், தம்பி மறுபடி படம் அனுப்பினான். கோயில் வாசலில் புதுக் கல். என் பெயர் இல்லை. கோயிலை அவமானப்படுத்தியதற்குத் தண்டனையாகக் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டு, பழைய கல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டு வேறு கல் அடித்திருக்கிறார்கள். “மனசு வுட்டுடாதக்கா” என்று ஆறுதல் வேறு சொல்லியிருந்தான். இதைவிடப் பெரிய தண்டனை ஒருத்திக்கு இருக்க முடியாது என்று அந்தக் கமிட்டி மனதார நம்பியிருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கொட்டகைக்கு அனுப்பிய பணத்தைப் பற்றி இன்றுவரை ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஜோயலிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “பெரியம்மா இன்னும் கஞ்சி காய்ச்சுறாங்களா?” என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டான். ஆமாம் என்றேன். கோயிலுக்கு வருகிறேன் என்றெல்லாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு நான் தம்பி போனில் அக்காவுக்கு வீடியோ போட்டபோது, தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

அக்கா வீட்டு வாசல் தெரிந்தது. சில பெண்கள் பைபிள் பைக்குள் அரிசி முடிச்சை ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி கோயிலுக்குப் போகிறார்களாம். பிரிவினை உண்டாக்குகிறவர்களைப் பற்றிப் போதகர் போன வாரம் பிரசங்கம் செய்தாராம். சொல்லிக்கொண்டே அக்கா அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கினாள். இறக்கி வைத்த இடத்தில் ஏதோ கறுப்பாக மின்னியது.

“அது இன்னாக்கா, கல்லு?”

“உன் கல்லுதான். குப்பமேட்டுல கெடந்திச்சி. சாலமோன வுட்டு உருட்டியாரச் சொன்னேன். நல்ல கல்லுடி, வழவழன்னு இருக்குது. கஞ்சி சிந்துனா ஒரே தொடைப்பு.” அக்கா முகத்தைச் சுளித்தாள். “ஆனா உன் பேரு இருக்குதே, அதுதான் தொல்ல. பெரிய எளுத்தா, அதுக்குள்ள கஞ்சி பூந்து காஞ்சி போவுது. நாரு போட்டுத் தேச்சித் தேச்சி பொன்னுக் கலரெல்லாம் போயிடிச்சி. அப்பவும் கஞ்சி போகல. காலையில பாத்தா ஒரே எறும்பு.”

ஜோயல் போனுக்கு முகத்தைக் கொடுத்தான். “பெரிம்மா, சாப்ட்டியா?”

“இனிமேதான் சாமி. எல்லாரும் குடிக்கட்டும்.” ஈர்க்குச்சி ஒன்றை எடுத்துக் கல்லின் மேல் குனிந்தாள். “இரு, இந்த எளுத்த நோண்டி வுட்டுட்டு வரேன்.”

“நோண்டாதக்கா” என்றேன். “எறும்பு தின்னட்டும்.”